மனநலக் கவுன்சலிங் போகுமுன் ஆலோசகரின் சான்றிதழைச் சரிபார்ப்பது எப்படி? சேலம், ஏற்காடு மக்களுக்கு

கவுன்சலிங் சென்டர் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் ஆலோசகர் சங்க உறுப்பினர் சான்றிதழ், தொழில் செய்வதற்கான உரிமம் அல்ல. சந்தா கட்டினாலே சேர்த்துக்கொள்ளும் சங்கமும் உண்டு, படிப்பையும் பயிற்சியையும் அலசிப் பார்த்துச் சேர்க்கும் சங்கமும் உண்டு. அதனால் முதலில் அரசுப் பதிவேடு. சங்கம் அதற்குப் பிறகுதான்.

அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே மூன்று விவரம் வாங்கிக்கொள்ளுங்கள்: சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர், படிப்பு, பதிவு எண். “மேடம், உங்க பதிவு நம்பர் சொல்றீங்களா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று சொல்பவர், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிந்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். சிறப்புப் பள்ளி ஆசிரியர், பேச்சுக் குறைபாட்டுக்குப் பயிற்சி தருபவர் எல்லாரும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். எண் உண்மையானதாக இருக்கும், தொழில் வேறாக இருக்கும். அதனால் எண் வந்ததும் மூடிவிடாமல், எந்தப் பிரிவு, பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.

போர்டில் ‘டாக்டர்’ என்று இருந்தால் பின்னால் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். பிஎச்.டி. முடித்தவரும் டாக்டர்தான், ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து மாத்திரை எழுத முடியாது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.பி.எம்., டி.என்.பி. போன்ற மேற்படிப்பு படித்தவர். அவர் பெயர் மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் இருக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரிடம் மேற்கொண்டு போகாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

சிக்கல் எம்.எஸ்சி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) படித்த ஆலோசகர்கள் விஷயத்தில். இவர்களில் நல்ல திறமைசாலிகள் இருக்கிறார்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சட்டம் வந்ததாலேயே ஒருவர் பதிவாகிவிட்டார் என்று ஆகாது. சங்கத்தின் அங்கீகாரத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. சங்கங்கள் அங்கீகாரம் தரட்டும், தர வேண்டும். ஆனால் மூன்று விஷயம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு: மூத்த ஆலோசகர் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற விதி, காலாவதியாகிப் புதுப்பிக்க வேண்டிய சான்று, புகார் வந்தால் விசாரித்து ஆளை நீக்கும் குழு. நீக்க அதிகாரமில்லாத சங்கம் தருவது ரசீதுதான். சங்கத்துக்கே எழுதி, “இவர் எந்த வகை உறுப்பினர்? புகாரை யாரிடம் தருவது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சான்றிதழைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதல் சந்திப்பில் கட்டணம், நேரம் (வழக்கமாக 45 முதல் 60 நிமிடம்), ரகசியம் எந்த நிலையில் மட்டும் மீறப்படும், அவருடைய மேற்பார்வையாளர் யார் என்று கேட்டுவிடுங்கள். ‘மூன்றே சிட்டிங்கில் குணம்’ என்று உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வாராவாரம் சேலம் வருவது எல்லாருக்கும் முடியாது. வீடியோ காலில் பேசுவதானாலும் மேலே சொன்ன சரிபார்ப்பு அத்தனையும் பொருந்தும். ஆலோசகர் வெளியூர்க்காரர் என்றால் உங்கள் வீட்டு முகவரியையும் அருகிலிருக்கும் ஒருவரின் எண்ணையும் முன்பே கொடுத்து வையுங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.