நியூட்ரான் தரவை ஃபிட் செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூட்ரான் மையத்தில் நமக்கு ஒதுக்கிய அளவை நேரமான பீம் டைம் முடிந்து சென்னை திரும்பிவிட்டால் மறுபடி அளக்க வழியில்லை. ரிடக்‌ஷன் (கருவி பதிந்த மூல எண்ணிக்கைகளை ஆய்வுக்கேற்ற தரவாக மாற்றும் வேலை) முடிந்த ஃபைலை மட்டும் எடுத்து வராதீர்கள். கருவி பதிந்த மூல நெக்சஸ் ஃபைல்கள், வனேடியம் ரன் (கருவியை அளவுதிருத்த வனேடியத்தை வைத்து எடுத்தது), காலி கேன் ரன் (மாதிரி இல்லாமல் கொள்கலன் மட்டும்), மாஸ்க் ஃபைல் (ஒதுக்கிய டிடெக்டர்களின் பட்டியல்), ஓட்டிய ஸ்கிரிப்ட், மேன்டிட் என்ற தரவு மென்பொருளின் வெர்ஷன் எண் எல்லாம் வேண்டும். ஃபிட்டில், அதாவது தரவுக்கு ஒரு சூத்திரத்தைப் பொருத்தும்போது, தலைகாட்டும் கோளாறுகளில் பல, ரிடக்‌ஷனிலேயே நுழைந்தவை.

அவற்றில் முக்கியமானது காலி கேனை அப்படியே கழிப்பது. முதலில் இரண்டு ரன்னையும் புரோட்டான் சார்ஜால் (நியூட்ரான்களை உண்டாக்க இலக்கில் மோதிய புரோட்டான்களின் மொத்த மின்னூட்டம்) வகுக்க வேண்டும், நியூட்ரான்கள் ரியாக்டரிலிருந்து வருகின்றன என்றால் பீமை எண்ணும் மானிட்டரின் எண்ணிக்கையால். அதோடு முடியாது. கேனுக்குள் இருக்கும் மாதிரி நியூட்ரான்களில் ஒரு பங்கைத் தடுத்துவிடுவதால், கேனிலிருந்து வரும் சிதறலும் குறைகிறது. 90 சதவீதம் கடத்தும் மாதிரிக்கு, கேன் ரன்னை 0.9-ஐ ஒட்டிய எண்ணால் பெருக்கிக் கழித்துப் பாருங்கள். ஆற்றல் மாறாமல் சிதறிய எலாஸ்டிக் பகுதியை மட்டும் வெட்டி, கியூவுக்கு (நியூட்ரானின் உந்த மாற்றம்) எதிராக வரைந்தால் விடை தெரியும். அலுமினியம் கேனின் முதல் பிராக் பீக் (படிக அடுக்குகளால் எழும் கூர்மையான மேடு) ஆங்ஸ்ட்ராமுக்கு 2.69-இல் வரும், அலைநீளம் 4.6 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருக்கும்வரை. அந்த இடத்தில் பள்ளம் விழுந்தால் அதிகம் கழித்துவிட்டீர்கள், மேடு மிஞ்சினால் குறைவு. உங்கள் மாதிரிக்கே அங்கே பீக் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். உறிஞ்சல் அதிகமென்றால் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். கோணத்துக்குக் கோணம் மாறும் பால்மன்-பிங்ஸ் திருத்தம்தான் வழி.

அலையெண் விகிதத் திருத்தம் (உள்ளே வந்த அலையெண்ணை வெளியேறிய அலையெண்ணால் வகுத்த எண்ணால் பெருக்குவது) இருமுறை விழுவதும் உண்டு. ரிடக்‌ஷன் ஒருமுறை செய்துவிட்டிருக்கும், பிறகு ஸ்கிரிப்டிலும் ஒருமுறை. 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளே வந்த நியூட்ரான் 37.5-ஐ இழந்தால் அந்த விகிதம் சரியாக 2. அங்கே தீவிரம் இரு மடங்காகிவிடும். மேன்டிட்டில் ஒவ்வொரு படியையும் பதியும் வொர்க்ஸ்பேஸ் ஹிஸ்டரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

தரவைக் கூறுபோடும் பின் (bin) ஒன்றின் அகலம் ரெசல்யூஷனில் (கருவியே பீக்குக்குத் தரும் அகலம்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ரீபின் செய்ததையே (பின் அகலத்தை மாற்றியதையே) மீண்டும் ரீபின் செய்யாமல், மூலத்திலிருந்து தொடங்குங்கள்.

குவாசி எலாஸ்டிக் ஃபிட்டில் (மூலக்கூறுகளின் நகர்வால் எலாஸ்டிக் பீக் அகலும் தரவு) ரெசல்யூஷன் அகலத்தை வெறுமனே கழிப்பது பிழை. பொருத்தும் சூத்திரத்தை வனேடியம் ரன்னோடு, அல்லது அதே மாதிரியைக் குளிர்வித்து எடுத்த ரன்னோடு, கன்வல்யூஷன் செய்ய வேண்டும், அதாவது கருவியின் அகலத்தைக் கலந்து பொருத்த வேண்டும். அடுத்து அகலக் குழப்பம். மேன்டிட்டின் லாரென்ட்சியன் என்ற பீக் வடிவம் தருவது பாதி உயரத்தின் முழு அகலம், அகலத்திலிருந்து பரவல் குணகம் காணும் சூத்திரம் கேட்பதோ அதில் பாதி. அறை வெப்பநிலை நீரின் பரவல் குணகம் பிக்கோ விநாடிக்கு 0.23 சதுர ஆங்ஸ்ட்ராம். கியூ 0.5 என்றால் அரை அகலம் சுமார் 38 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், திரையில் தெரிவது 76. அதை அப்படியே போட்டால் குணகம் 0.46 என்று வரும். அட்டவணைத் தலைப்பிலேயே எந்த அகலம் என்று எழுதிவிடுங்கள்.