அணையை உயர்த்தச் சொல்லி மனு எழுதும் முன்

கோடை வந்தால் போதும், கிருஷ்ணகிரி டீக்கடையில் யாராவது ஒருவர் "கே.ஆர்.பி. அணையை இன்னும் பத்தடி உயர்த்திட்டா டவுனுக்குத் தண்ணிக் கவலையே இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார். கே.ஆர்.பி. என்பது தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே இருக்கும் கிருஷ்ணகிரி அணைதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கணக்குப் போடாமல் எழுதுகிற மனு ஃபைலுக்குள் போய்த் தூங்கிவிடும்.

நகரத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு 1.35 கோடி லிட்டர். பேப்பரில் வரும் ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர், அதாவது அந்த ஒரு லட்சம் பேருக்கு இரண்டே நாள் தண்ணீர். ஆறு மாதம் தாங்க 86 மில்லியன் கன அடி வேண்டும், வெயிலில் ஆவியாகிப் போவதையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். உங்கள் ஊர் மக்கள்தொகைக்கு இதே கணக்கைப் போட்டு மனுவின் முதல் வரியில் எழுதுங்கள்.

அடுத்து, கரையைத் தொடுவதற்கு முன்னால் அடியில் படிந்திருக்கும் தூரைப் பாருங்கள். எங்கள் ஊர் ஏரி வறண்ட ஒரு மே மாதம் நாங்கள் நாலு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தோம். மேலே பாளம் பாளமாக வெடித்த கறுப்பு வண்டல், முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்வெட்டி 'ணங்' என்று சரளையில் பட்டது. அந்த நிறம் மாறுகிற இடம்தான் பழைய தரை, அதற்கு மேலே இருப்பதெல்லாம் நாம் இழந்த கொள்ளளவு.

எடுப்பது லேசு இல்லை. ஒரு மில்லியன் கன அடி மண் என்றால் 10,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் 3,300 நடைக்கு மேல். கொட்ட இடம்? மாவட்ட அரசிதழில் உள்ள ஏரி என்றால் விவசாயிகள் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. அப்படிப் பார்த்தாலும் இந்த ஒரு மில்லியன் கன அடிக்கே 300 ஏக்கருக்கு மேல் புஞ்சை வேண்டும், அதனால் முதலில் மண் கேட்கும் விவசாயிகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். இன்னொன்று, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வெளியே வராது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது, கரை பலவீனமாகிவிடும்.

சரி, உயரத்துக்கு வருவோம். கே.ஆர்.பி. அணை 52 அடி. பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலும், அதனால் கடைசி ஓர் அடியில்தான் அதிகத் தண்ணீர் நிற்கும், உயர்த்தச் சொல்பவர்கள் பேச்சில் நியாயம் இருப்பது அங்கேதான். ஆனால் அதே ஓர் அடிதான் பின்பக்கம் அதிக நிலத்தையும் மூழ்கடிக்கும். யாருடைய பட்டா, எத்தனை கிணறு, எந்த ரோடு என்று பார்க்காமல் எழுதாதீர்கள். கரை உயர்ந்தால் ஷட்டரும் அஸ்திவாரமும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 2017 நவம்பரில் இதே அணையில் ஷட்டர் ஒன்று உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

வரத்தையும் பாருங்கள். தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து, பெங்களூருப் பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டு வருகிறது, ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துணைநதி மார்க்கண்டேயாவின் குறுக்கே யர்கோலில் கர்நாடகமும் ஓர் அணை கட்டிவிட்டது. பானையைப் பெரிதாக்கலாம், ஊற்றுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமென்றால் மனுவுக்கு முன்னால் நீர்வளத்துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடுங்கள். கேள்வி மூன்று போதும்: கடைசியாக எந்த வருஷம் தூர் அளந்தார்கள், இப்போதைய கொள்ளளவு எவ்வளவு, பத்து வருஷத்தில் எத்தனை நாள் உபரிநீர் திறந்தார்கள். மூன்றாவது கேள்விக்கான பதில் சொற்ப நாட்கள்தான் என்று வந்தால் கரையை உயர்த்தச் சொல்வதை விட்டுவிட்டுத் தூர் வாரக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வந்ததும் நகல் எடுத்து மனுவோடு சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.