வசதியான ஒருவரிடம் உதவி கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

போன மாதம் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒரு அக்கா மூன்று பக்கக் கடிதத்தோடு வந்தார். கனடாவில் இருக்கும் ஒரு கொடையாளருக்கு எழுதியிருந்தார். இடம்பெயர்ந்தது, கணவர் நோயில் படுத்தது, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருந்தது. என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை. கேட்டேன். "ஒரு தையல் மெசின் இருந்தால் பிழைச்சிடுவன் தம்பி" என்றார். கடிதத்தின் முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அதுதான்.

முதலில் கடைக்குப் போய், விலை எழுதிய கொட்டேசன் ஒன்று வாங்குங்கள். "இயன்றதைத் தாருங்கள்" என்று எழுதினால், எவ்வளவு கொடுப்பது என்று அவருக்கே தெரியாது. நீங்கள் போடக்கூடிய பங்கையும் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தையல் மெசின் ஒன்று வாங்க உங்கள் உதவியை நாடி எழுதுகிறேன். சுன்னாகத்தில் இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். தையல்தான் என் தொழில். பழைய மெசின் திருத்த முடியாதபடி பழுதாகிவிட்டது. புதியதன் விலை 85,000 ரூபா. என்னிடம் 20,000 ரூபா இருக்கிறது. மீதியை நீங்கள் கடைக்கே நேரடியாகச் செலுத்தினாலும் சரி."

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். காசு உங்கள் கையில் வரத் தேவையில்லை என்று நீங்களே சொல்லும்போது பாதிச் சந்தேகம் போய்விடும்.

அடுத்தது அத்தாட்சி. பெரிய கொடையாளர்களுக்கு வரும் கடிதங்களை அவர்களே பிரித்துப் படிப்பது குறைவு. அமெரிக்கச் செல்வந்தர் ரொக்பெல்லர், வந்து குவிந்த உதவிக் கோரிக்கைகளைச் சமாளிக்க முடியாமல் 1891இல் பிரெடெரிக் கேட்ஸ் என்ற மதகுருவை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். உங்கள் கடிதத்தையும் முதலில் அப்படி ஒருவர்தான் பார்க்கக்கூடும். அவருக்கு உங்களைத் தெரியாது. ஆகவே கிராம சேவையாளரின் கடிதம் ஒன்றை வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் எடுத்து இணையுங்கள். வைத்தியச் செலவு என்றால் வைத்தியரின் கடிதமும் கிளினிக் கொப்பியின் பிரதியும் வேண்டும். படிப்பு என்றால் அதிபரின் கடிதம். மூலப்பிரதி எதையும் அனுப்ப வேண்டாம். அடையாள அட்டைப் பிரதி கேட்டால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

உங்கள் கஷ்டத்தை நான்கைந்து வரியில் உள்ளபடி எழுதினால் போதும். காலில் விழுவதுபோல எழுத வேண்டாம். உதவி கேட்பது வெட்கப்படும் காரியம் இல்லை, மானத்தோடு கேட்கலாம். பிள்ளைகள் அழும் படத்தை இணைப்பதும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகி அதைப் பார்ப்பான்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். "உதவி கிடைத்துவிட்டது, முதலில் பதிவுக் கட்டணம் போடுங்கள்" என்று யாராவது போன் எடுத்தால் அது மோசடி. ஒரு சதமும் போடாதீர்கள். வங்கி அட்டை இலக்கத்தையோ, போனுக்கு வரும் ரகசிய இலக்கத்தையோ சொல்லாதீர்கள்.

பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்து ஒரேயொரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்காகக் கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். உதவி கிடைத்தால் பில்லின் பிரதியையும், மெசினில் தைத்த முதல் சட்டையின் படத்தையும் அந்தக் கிழமைக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள்.