சங்கோமாவைப் பார்க்கப் போகும் சென்னைவாசிக்கு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செல்கிறவர்கள், அங்கே பழகிய சூலு இன நண்பர் யாராவது அழைத்தால், ஒரு முறையேனும் அவர்களின் குறி சொல்பவரான சங்கோமாவிடம் போய் வர ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் எவரைப் பார்க்கிறோம், எப்படி உட்கார வேண்டும், எதை வாயில் வைக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே அறிந்து போவது இரு தரப்புக்கும் நல்லது. இரண்டு ஆண்டுகள் அந்த ஊரில் இருந்துவிட்டுப் பெரம்பூருக்குத் திரும்பியவன் என்ற அளவில், நான் கண்டதையும் தடுமாறியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் சங்கோமாவைச் 'சூனியக்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். சூலு மக்களின் பார்வையில் சூனியம் வைப்பவர் வேறு. அதைக் கண்டறிந்து விலக்குகிறவரே சங்கோமா. எனவே அவரைச் சூனியக்காரர் என்பது, காவலரைப் பார்த்துத் திருடரே என்று கூப்பிடுவதற்குச் சமம். வெள்ளையர் ஆட்சியும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 1957-ஆம் ஆண்டின் சூனியத் தடுப்புச் சட்டம் குறி சொல்வதையே குற்றமாக்கியது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல் இயற்றப்பட்ட மரபு மருத்துவர் சட்டம்தான் இவர்களை நான்கு வகையினராக ஏற்றுக்கொண்டது: முன்னோரின் வாக்கைக் கேட்டுக் குறி சொல்லும் சங்கோமா, மூலிகை கொடுக்கும் இன்யாங்கா, பிரசவம் பார்ப்பவர், இளைஞர்களுக்குச் சுன்னத்து செய்பவர். நம் ஊரில் கோடாங்கியிடம் போய் லேகியம் கேட்பதில்லை, சித்த வைத்தியரிடம் போய்க் குறி கேட்பதில்லை. அது போலவே அங்கும் தேவைக்கேற்ற ஆளைத் தேட வேண்டும், இன்று இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் பலர் இருந்தாலும்.

இங்கே சொல்வதெல்லாம் சூலு வழக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் குறி பார்ப்பவர் பாபலாவோ. அவர் பதினாறு பனங்கொட்டைகளைக் கொண்டு 256 பகுதிகளாக அமைந்த இஃபா என்ற வாய்மொழித் தொகுப்பிலிருந்து பாடல்களை எடுத்துச் சொல்வார். அது தனிக் கல்வி, தனி நெறி. (அந்தப் பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.)

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. மின்சார ரயில் பெட்டியில் 'பிரிந்தவர் சேர, வசியம், 24 மணி நேரத்தில் பலன்' என்று ஒட்டியிருக்கும் தாளை நம்புவோமா? அதே தாள், அதே வாக்குறுதிகளுடன், ஜோகன்னஸ்பர்க் விளக்குக் கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு, நண்பரின் குடும்பம் போய் வருகிற ஒருவரிடம் செல்லுங்கள். 'உங்கள் கொபேலா யார்?' என்று பணிவாகக் கேட்கலாம். கொபேலா என்றால் பயிற்சி தந்த குரு. சங்கோமா ஆவது விரும்பிச் சேரும் படிப்பன்று. தீராத நோயும் தொடர் கனவுகளும் முன்னோரின் அழைப்பாகக் கருதப்பட்டு, உக்குத்வாசா எனப்படும் பயிற்சிக் காலம் முழுவதும் குருவின் வீட்டில் தங்கி ஊழியம் செய்து, இறுதியில் ஒளித்து வைத்த பொருளைக் கண்டெடுத்துக் காட்டித் தேற வேண்டும். இத்தனையையும் கடந்தவர் அந்தக் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்வார். மழுப்புகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பாதியில் புதிய பரிகாரமும் புதிய தொகையும் முளைத்தால் அதுவே கிளம்பும் நேரம்.

குடிசைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கோரைப் பாயில் அமர வேண்டும். இம்பெபோ என்ற உலர்ந்த செடியைக் கொளுத்துவார்கள். சாம்பிராணி போல முன்னோரை வரவழைக்கும் புகை, ஆனால் வாடை காய்ந்த புல்லுடையது. கேட்காமல் கைப்பேசியை எடுக்காதீர்கள். பிறகு சங்கோமா ஒரு பையை நீட்டி ஊதச் சொல்வார். அதற்குள் ஆட்டின் கணுவெலும்புகள், சோழிகள், நாணயங்கள், நான் பார்த்த பையில் ஒரு டாமினோ காயும் இருந்தன. அவற்றைப் பாயில் வீசி, எது எதன் பக்கம் விழுந்திருக்கிறது, எது கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்ல, வந்தவர் 'சியாவுமா', அதாவது 'ஒப்புக்கொள்கிறோம்', என்று சொல்லிக் கைதட்ட வேண்டும். நான் மரியாதை கருதி எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் சியாவுமா சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கோமாவான அந்த அம்மையார் எலும்புகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, என்னுடன் வந்த நண்பரிடம், 'இவர் எலும்புகளோடு பேசவில்லை, என்னைத் திருப்திப்படுத்துகிறார்' என்றார். பொருந்துவதற்கு உரக்கவும், பொருந்தாததற்குத் தாழ்வாகவும் சொல்வதுதான் முறை. அந்தக் குரல் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே குறி நகர்கிறது என்று ஐயப்படுகிறவர்கள் சொல்லக்கூடும். எனக்கும் அந்த ஐயம் உண்டு. உடுக்கையடித்துக் குறி கேட்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு உணர்வும் சேர்ந்தே வரும்.

உங்கள் தாத்தா, பாட்டியைப் பற்றிக் கேட்பார். அமாவாசைத் தர்ப்பணம், காகத்துக்கு வைக்கும் சோறு பற்றிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அவர்கள் அழைக்கும் அமட்லோசி கடவுளர் அல்லர், குடும்பத்தின் இறந்த மூத்தோர்.

மருந்து விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். டர்பனில் வார்விக் சந்திப்பருகே, கட்டி முடிக்கப்படாத மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை நடக்கிறது. பட்டையும் வேரும் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகள் நினைவுக்கு வரும். அந்த நெருக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது, ஏனெனில் நமக்கு அங்குள்ள வேர்களில் ஒன்றையும் அடையாளம் தெரியாது. இம்பிலா என்ற வேரின் பெயருக்குச் சூலு மொழியில் ஆரோக்கியம் என்று பொருள்; கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிர்களைப் பறித்த வேர் அது. கஷாயம் கொடுத்தால் நன்றி கூறி வாங்கிக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள். தோலைக் கீறி மருந்து தேய்க்கும் வழக்கமும் உண்டு. பிரிக்காத புதிய பிளேடு இல்லையேல் மறுத்துவிடுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் மாத்திரையை எவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. பதிவு செய்யாத எவரும் புற்றுநோயையோ எய்ட்ஸையோ குணப்படுத்துவதாகச் சொல்வதை 2007-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக வைத்திருக்கிறது.

வேர், பட்டை, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாதவை மீனம்பாக்கத்தில் பறிமுதலாகும். எறும்புத்தின்னிச் செதிலும் கழுகின் உறுப்பும் வழக்கில்தான் முடியும். மணிமாலை வாங்கலாம், ஆனால் வெள்ளை மணிகளால் கோத்ததைத் தவிர்ப்பது நல்லது. அது பெரும்பாலும் சங்கோமாக்கள் அணிவது. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குள் போனால், எதிரே வரும் மூதாட்டி கைகூப்பித் 'தொகோசா' என்று உங்களை வணங்க, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்க நேரும்.