ஈம் கிராமத்துக்கு ஒரு சனிக்கிழமை

ஷெஃபீல்டுக்கோ மான்செஸ்டருக்கோ புதிதாக வந்திருக்கிறீர்களா? வீடு, வேலை, தமிழ்க் கடை, தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் என்று முதல் வருடம் ஓடிவிடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த மலைகளை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

தயக்கம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஊரில் வரப்பு வழியே போக யாரிடமும் கேட்க மாட்டோம். இங்கே கல்சுவரும் மரக்கதவும் உள்ளே மேயும் ஆடுகளும் பார்த்தவுடன், அடுத்தவர் நிலமாயிற்றே என்று கால் நின்றுவிடுகிறது. முதல் தடவை நான் அப்படி ஒரு கதவின் முன் நின்றுவிட்டு வீட்டுக்கே திரும்பினேன். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. விசா எதுவாக இருந்தாலும் சரி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம்.

மலைவெளியில் நடக்கும் உரிமைக்கு இந்தப் பக்கத்து மக்கள் போராடியிருக்கிறார்கள். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள், தனியார் நிலம் என்று அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறிக் கூட்டமாக ஏறினார்கள். அதையொட்டி ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற இந்த மலைப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது இந்தப் பூங்காவுக்குள் இருக்கும் ஈம் கிராமம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'இயாம்' என்று வரும். பஸ் ஓட்டுநரிடம் 'ஈம்' என்று சொல்லுங்கள். ஷெஃபீல்டிலிருந்து பஸ் உண்டு, ஞாயிற்றுக்கிழமை குறைவு. நன்றாக நடப்பவர்கள் ரயிலில் கிரிண்டில்ஃபோர்டு இறங்கலாம். ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் டாட்லி சுரங்கத்தின் இருட்டிலிருந்து ரயில் வெளியே வந்ததும் சுற்றிலும் காடு, அங்கேயே ஸ்டேஷன். அங்கிருந்து ஈம் வரை நல்ல ஏற்றம்.

1665 செப்டம்பரில் இந்த ஊருக்குப் பிளேக் வந்தது. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிமூட்டையில் வந்தது என்பார்கள். முதலில் இறந்தவர் அங்கே வேலைபார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ். அடுத்த கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊரைக் கூட்டிப் பேசினார்கள். நோய் பக்கத்து ஊர்களுக்குப் போகக் கூடாது என்று மக்கள் எல்லைக்குள்ளேயே இருக்கச் சம்மதித்தார்கள். 1666 நவம்பரில் நோய் ஓய்வதற்குள் 260 பேர் இறந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கணக்கு. மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அதில் ஒருவர். அவர் கல்லறை தேவாலய வளாகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே அதைவிடப் பல நூற்றாண்டு பழைய சாக்சன் கற்சிலுவை.

தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் வாசலில் பலகைகள் இருக்கும். அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நின்று படியுங்கள். ஆனால் உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

ஊருக்குக் கிழக்கே வயல்வெளியில் வட்டமான கல்சுவருக்குள் ரைலி கல்லறைகள். 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இங்கே தன் கையாலேயே புதைத்தாள். கோவிட் காலத்தில் நெருங்கியவரைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள் நம்மிலும் உண்டு. அந்தச் சுவருக்குள் என்னால் வெகுநேரம் பேச முடியவில்லை.

அப்புறம், நடைக்குத் தேவையானவை. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களில் இந்தப் பகுதிக்கு உரியது ஓஎல் 24. பச்சைக் கோடுகள்தான் நடைபாதைகள். போனை மட்டும் நம்ப வேண்டாம், பள்ளங்களில் சிக்னல் போய்விடும். சேறு தாங்கும் ஷூ, மழைக்கோட்டு, ஒரு டப்பா புளிச்சாதம் போதும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். திறந்த கதவைத் திறந்தபடியும், மூடிய கதவை மூடியும் விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல்லைத் தேடிப் போங்கள். வயல் நடுவே ஒரு கரடுமுரடான பாறை, மேலே குழிகள். காசு வழியே நோய் பரவாதிருக்க, ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டுவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். குழிகளின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மகளின் விரலைப் பிடித்து அதற்குள் வைத்தேன். உள்ளே மழைத்தண்ணீர் நின்றது, ஜில்லென்று.