பழகிய செருப்பை எப்போது தூக்கிப் போடுவது?

காலுக்குப் பழகிய செருப்பைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. வார் அறுந்தால்தான் மாற்றுவோம். ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே அடிப்பகுதி தேய்ந்திருக்கும்.

செருப்பை வாசற்படியில் வைத்து, பின்பக்கமிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். குதிகால் பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் உங்கள் பாதமும் அப்படியே சாய்ந்துதான் நடக்கிறது. அப்புறம் திருப்பிப் பாருங்கள். அடியில் இருந்த வரிகள் மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டதா? ரப்பர் செருப்பென்றால் உடனே மாற்றிவிடுங்கள், ஈரத் தரையில் நிச்சயம் வழுக்கும். வார் கழன்று வராமல் ஊக்கு குத்திப் போடுவதும் வேண்டாம்.

தோல் செருப்பு வேறு கதை. தையல் பிரிந்தால், அடித்தோல் தேய்ந்தால், செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். மேல்தோலே வெடித்துவிட்டால்தான் விடை கொடுக்க வேண்டும். ஓடுவதற்கான ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்றே அவர் செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஆணி முனை குத்துவதுகூடத் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும்.