மாலையில் வரும் புக்கிங்கைச் சமாளிப்பது எப்படி? குமுளிப் பக்கம் ஹோம்ஸ்டே தொடங்குபவர்களுக்கு

மதுரை, தேனி ஆட்கள் பல பேர் வாரக்கணக்கில் திட்டம் போட்டுத் தேக்கடிக்கு வருவதில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ரூம் தேடுவது வழியில்தான். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சாமிமார் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். புதிதாக ஹோம்ஸ்டே திறந்தவர்கள் இந்த அவசர புக்கிங்குக்குப் பயந்து மொத்தமாக மூடிவிடுகிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுத் திணறுகிறார்கள். மாலையில் கேட்பவருக்கு என்ன பதில் என்பதை மதியமே முடிவு செய்து வைத்திருந்தால் இரண்டுக்கும் அவசியம் இருக்காது.

படி 1: எத்தனை மணி வரை?

ஆன்லைனில் ரூம் புக் செய்யும் தளமான ஏர்பிஎன்பியின் காலண்டர் அமைப்புகளில், அன்றைய தினத்துக்கான புக்கிங்கை எத்தனை மணி வரை ஏற்பீர்கள் என்று குறிக்க இடம் இருக்கிறது. சுத்தம் செய்ய வரும் அக்கா நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார் என்றால், ரூமை அதற்குள் முடித்து வைக்கும் நாட்களில் மட்டும் இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். மற்ற நாட்களில் மூன்று மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'இன்ஸ்டன்ட் புக்' போட்டிருந்தால் உங்களைக் கேட்காமலே புக்கிங் உறுதியாகிவிடும். போடாவிட்டால் பதில் சொல்ல 24 மணி நேரம் உண்டு. ஆனால் வண்டியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

படி 2: ரூம் தயாராக இருப்பது என்றால்

இதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். காலையில் ஒருவர் காலி செய்ததும், அடுத்தவர் வருவாரோ மாட்டாரோ, உடனே படுக்கை விரித்து, பாத்ரூம் கழுவி, துண்டு வைத்துப் பூட்டிவிடுங்கள். கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் பெட்ஷீட் வேண்டும்: ஒன்று விரிப்பில், ஒன்று அலமாரியில், ஒன்று துவைப்பில். ஆனி, ஆடி மழையில் அந்த மூன்றும் போதாது. இங்கே கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது, ஒரு வாடையும் ஏறிவிடும். மலையிறங்கினால் தேனிப் பக்கத்துக் கூடலூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். துவைத்துத் தேய்த்துத் தரும் ஆள் ஒருவரைக் கூடலூரிலோ கம்பத்திலோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் முழுக்க உதவும். ராத்திரி ஒன்பது மணிக்கு நனைந்து வந்து சேர்பவர் முதலில் தொடுவது அந்தப் போர்வையைத்தான். அது மொடமொடவென்று உலர்ந்திருக்க வேண்டும்.

சாமிமாருக்குக் கட்டிலைவிடத் துவைத்த பாய்தான் முக்கியம். விரதத்தில் இருப்பார்கள். அன்றைக்கு உங்கள் அடுக்களையில் மீன் வேண்டாம்.

படி 3: காலண்டர்

ரூமை இரண்டு மூன்று புக்கிங் தளங்களில் போட்டிருந்தால், காலண்டர்களை இணைத்திருந்தாலும் ஒன்றில் விழுந்த புக்கிங் மற்றதில் தெரிய மணிக்கணக்கில் ஆகலாம். அன்றைய புக்கிங்குக்கு அதை நம்ப முடியாது. போனில் ஒருவருக்கு ரூம் கொடுத்த அடுத்த நிமிடமே எல்லாத் தளங்களிலும் நீங்களே மூடுங்கள். ஒரே ரூம் இரண்டு பேருக்குப் போய், நீங்கள் ரத்து செய்தால் ஏர்பிஎன்பி கட்டணம் பிடிக்கும், அந்தத் தேதிகளையும் பூட்டிவிடும்.

படி 4: ஒரே செய்தியில் எல்லாம் கேளுங்கள்

இதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு, புக்கிங் வந்ததும் அனுப்புங்கள்:

"வணக்கம் சார், ரூம் ரெடியா இருக்கு. மொத்தம் எத்தனை பேர், குழந்தைங்க இருக்காங்களா? இப்ப எங்க வந்துட்டிருக்கீங்க? ராத்திரி சாப்பாடு வேணும்னா ஏழு மணிக்குள்ள சொல்லிடுங்க. பெரியவங்க எல்லாரும் அடையாள அட்டை கொண்டு வாங்க."

ஆள் எண்ணிக்கைக்கு நேரான பதில் வராவிட்டால் ரூம் கொடுக்காதீர்கள். நாலு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் வந்து இறங்கினால் வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் தளத்தில் பதிவு செய்வது சட்டம். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: வழி சொல்வது

லொக்கேஷன் அனுப்பினால் மட்டும் போதாது. மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மலை ஏறும் முன், அடிவாரத்தில் இருக்கும்போதே, "லோயர் கேம்ப் வந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் போன் வந்ததும் கீசரைப் போட்டால், செக்போஸ்ட் தாண்டி அவர்கள் வீடு சேரும்போது வெந்நீர் தயார். சபரிமலை சீசனில் கூட்டம் கூடினால் மேலே வரும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அது சுற்று வழி, சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். சாப்பாட்டை அதற்கேற்ப வையுங்கள்.

படி 6: வாடகை

வார நாளில் மதியம் வரை ரூம் காலியாக இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். தொடர் விடுமுறையில் குறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் இருட்டிய பிறகு கைக்குழந்தையோடு வருபவரிடம், வேறு வழியில்லை என்று தெரிந்து இரட்டை விலை சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. தளத்தில் போட்ட விலையையே வாங்குங்கள்.

படி 7: மறுநாள் காலை

அவசரமாகக் கிளம்பி வந்தவர்கள் படகு டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்கள். முதல் படகு காலை 7:30க்கு. சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது, ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும். இதை ராத்திரி சாவி கொடுக்கும்போதே சொல்லி, ஆறு மணிக்கெல்லாம் ஒரு டீ கொடுத்து அனுப்பிவையுங்கள்.